ஃப்ளைவீலை எங்கே கடைவது?

பழைய புல்லட் ஒன்றையும் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைத் திருகிப் பாருங்கள். ஆர்எக்ஸ் கையோடு கையாக ஓடும். திருகினால் சீறும், விட்டால் அடங்கும். புல்லட் அப்படி இல்லை. சத்தம் நிதானமாக ஏறும். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். ஆனால் அதே புல்லட், ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம் என்ற அளவுக்கு மெதுவாக நின்று துடிக்கும். ஆர்எக்ஸை அந்த வேகத்துக்கு இறக்கினால் அணைந்துவிடும்.

ஒன்று நான்கு ஸ்ட்ரோக், மற்றது இரண்டு ஸ்ட்ரோக். ஒன்று 346 சிசி, மற்றது 98 சிசி. இந்த வித்தியாசங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு, புல்லட்டின் கிராங்க் பெட்டிக்குள் சுற்றும் இரண்டு கனத்த இரும்புச் சக்கரங்களுடையது. சுழல ஆரம்பிக்கவும் தயங்கும், நிற்கவும் தயங்கும் சக்கரங்கள் அவை.

காரில் அந்தச் சக்கரம் எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில், கிராங்க் தண்டின் பின்முனையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் அதை ஃப்ளைவீல் என்பார்கள். தமிழில் சமன்சக்கரம் எனலாம். 1950களிலும் 60களிலும் பிரிட்டனில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களை, எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி போன்றவற்றை, இன்றும் பிரித்துப் பூட்டி ஓட்டுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எஞ்சினை இறக்கும்போது ஃப்ளைவீலைக் கழற்றி லேத்தில் ஏற்றி, சில கிலோ இரும்பைச் சீவி எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டுவார்கள். அதன்பின் கார் வேறு கார் போல ஆகிவிட்டது என்பார்கள். பவர் கூடிவிட்டது என்றும் சிலர் சொல்வார்கள். முதலாவது உண்மை, இரண்டாவது உண்மையில்லை. ஏன் என்பதை எம்ஜிபி என்ற காரை வைத்துப் பார்ப்போம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் உருவான இரண்டு இருக்கை கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் 1798 சிசி எஞ்சின், பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மூர் அம்பாசிடரில் நீண்ட காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஒன்றே: 88.9 மில்லிமீட்டர். எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ 1955-ல் வந்தபோது அதில் இருந்ததும் 1489 சிசிதான். கல்யாண வீட்டு வாசலில் நின்ற அம்பாசிடரின் பானட்டைத் திறந்து பார்த்தவர்கள், இந்த ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணனைப் பார்த்தவர்கள்.

எஞ்சினுக்கு இப்படி ஒரு கனத்த சக்கரம் எதற்கு? காலால் மிதிக்கும் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். கால் பலகையை அழுத்தும்போது மட்டும்தான் விசை கிடைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில், எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் திரும்பாது. பலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி அச்சோடு நேர்கோட்டில் வந்து நிற்கும் இடங்கள் அவை. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அந்த இடங்களைத் தாண்டிவிடுவது, கீழே உள்ள பெரிய இரும்புச் சக்கரம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஓட்டத்தால்தான். நின்றுபோன மெஷின் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால், மேலே உள்ள கைச்சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

எஞ்சினில் கால் இருக்கும் இடத்தில் எரியும் வாயு இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும், அமுக்கும், எரிக்கும், வெளியேற்றும். இந்த நான்கில் எரிக்கும்போது மட்டுமே வரவு. மற்ற மூன்றும் செலவு. நான்கு சிலிண்டர்கள் முறை வைத்து எரிப்பதால், கிராங்க் தண்டு அரைச் சுற்று சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடிப்பு கிடைக்கிறது. தொடர்ச்சியாகத்தானே கிடைக்கிறது என்று தோன்றலாம். ஆனால் வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், இரண்டு பிஸ்டன்கள் உச்சியைத் தொடும் அதே கணத்தில் மற்ற இரண்டும் அடியைத் தொடுகின்றன. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நான்கு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் அசையாமல் நிற்கின்றன. அந்தக் கணத்தில் எரியும் வாயு எவ்வளவு அழுத்தினாலும் தண்டைத் திருப்பும் விசை பூஜ்யம். அதைத் தாண்டிவிடுவது பெரும்பாலும் ஃப்ளைவீல்தான். வெடிக்கும்போது மிஞ்சும் ஆற்றலை வாங்கி வைத்து, வறட்சியில் திருப்பிக் கொடுக்கிறது.

எவ்வளவு வைத்திருக்கும்? 10 கிலோ எடையும் 28 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட சீரான இரும்புத் தட்டு என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். இந்த அளவு எஞ்சின்களுக்கு இது பொருத்தமான அளவுதான். நிமிடத்துக்கு 700 சுற்றில் எஞ்சின் சும்மா நிற்கும்போது அதில் இருக்கும் ஆற்றல் 260 ஜூலைச் சற்றே தாண்டும். எம்ஜிபியின் உச்ச பவர் கிடைக்கும் 5400 சுற்றில் அது 15,600 ஜூலுக்கும் மேல். ஏறக்குறைய 60 மடங்கு. அந்த ஆற்றலைக் கொண்டு 920 கிலோ எடையுள்ள அந்தக் காரையே ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதுதான் இதற்குக் காரணம். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஃப்ளைவீலின் கனம் உண்மையில் தேவைப்படுவது மெதுவாகச் சுற்றும்போதுதான். வேகமாகச் சுற்றும்போது பாதிக் கனமே போதும். இன்னொன்று, 5400 சுற்றில் அது ஓட்டுபவரின் காலுக்குப் பக்கத்தில் சுற்றும் அபாயகரமான பொருள். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இனி, எடையை எங்கே குறைப்பது என்ற கேள்வி. நேராக நகரும் ஒரு பொருளின் வேகத்தை மாற்ற எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்பதை அதன் நிறை சொல்லிவிடும். சுழலும் பொருளுக்கு நிறை மட்டும் போதாது. அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவைப் பாடப்புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்போம். சுழற்சியை மாற்றுவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு அது. இதில் தூரத்துக்கு இருமடியாக மதிப்பு. அச்சிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிலோ இரும்பு, 6 சென்டிமீட்டர் தள்ளியுள்ள நான்கு கிலோவுக்குச் சமம்.

எனவே, ஃப்ளைவீலை இலேசாக்குகிறேன் என்று நடுப்பகுதியில் கைவைப்பவர் வீண் வேலை செய்கிறார். எடை குறையும், நிலைமத் திருப்புத்திறன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். போல்ட் பிடிக்கும் இடம் பலவீனமாவதுதான் மிச்சம். அதே லேத்தில் விளிம்பை ஒட்டி, அச்சிலிருந்து சராசரியாக 12 சென்டிமீட்டர் தள்ளி மூன்று கிலோவை எடுத்தால், எடை 30 சதவீதம் குறையும்போது நிலைமத் திருப்புத்திறன் 44 சதவீதம் குறைகிறது. எத்தனை கிலோ எடுத்தாய் என்பது அரைக் கேள்வி. எங்கிருந்து எடுத்தாய் என்பதும் சேர்ந்தால்தான் முழுக் கேள்வி.

காரின் ஓட்டத்தில் இது எப்படித் தெரியும்? எம்ஜிபியின் முதல் கியரில், கியர்பாக்ஸில் 3.44 மடங்கு, பின் அச்சில் 3.9 மடங்கு என்று சேர்ந்து, பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 13 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். கார் கொஞ்சம் வேகமெடுக்க வேண்டுமென்றால் ஃப்ளைவீல் அதைப்போல 13 மடங்கு வேகமெடுத்தாக வேண்டும். அதற்குச் செலவாகும் திருப்பு விசையும் அதே கியர்கள் வழியாக 13 மடங்காகப் பெருகிப் பின்சக்கரத்துக்குப் போயிருக்க வேண்டிய விசை. இரண்டும் பெருக்கிக்கொள்கின்றன. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த 10 கிலோ ஃப்ளைவீல் முதல் கியரில் கார் மேல் ஏற்றிய 200 கிலோ பாரம் போல நடந்துகொள்கிறது. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவது போல. இரண்டாம் கியரில் அது 78 கிலோ, மூன்றாவதில் 32, நான்காவதில் வெறும் 17.

விளிம்பில் மூன்று கிலோ எடுத்த பிறகு முதல் கியரில் 87 கிலோ இறங்கிவிடுகிறது. இரண்டாவதில் 34 கிலோ, மூன்றாவதில் 14, நான்காவதில் 7. காரின் மொத்த எடையோடு ஒப்பிட்டால் முதல் கியரில் ஏறக்குறைய எட்டு சதவீத லாபம். டாப் கியரில் ஒரு சதவீதம்கூட இல்லை. மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் கீழ் கியரில் ஏறுபவருக்கு இது பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் டாப் கியரில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. காரின் உச்ச வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாது. சீரான வேகத்தில் போகும்போது ஃப்ளைவீல் எதையும் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

ஆனால் ஓட்டுபவரின் மனதை மாற்றுவது இந்தச் சதவீதங்கள் அல்ல. கிளட்சை மிதித்த கணத்தில் 920 கிலோ கார் எஞ்சினைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. அப்போது எஞ்சினுக்கு இருக்கும் சுமை அதன் சொந்த உறுப்புகள் மட்டும்தான். அதில் பெரும் பங்கு ஃப்ளைவீலுடையது. இரண்டாம் கியரில் 5000 சுற்றில் ஓடி மூன்றாவதுக்கு மாற்றினால், எஞ்சின் 3200 சுற்றுக்கு இறங்கி வந்தால்தான் கியர் உதறாமல் சேரும். கனத்த ஃப்ளைவீல் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டும். வளைவுக்கு முன் கீழ் கியருக்கு இறங்கும்போது இதே 1800 சுற்றை ஏற்றியாக வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி ஏற்றுவார்கள். இலேசான ஃப்ளைவீல் அந்த ஒரு தட்டுக்கு உடனே எழுகிறது. கார் வேறு கார் போல ஆகிவிட்டது என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வது மிகையில்லை.

இதெல்லாம் காகிதக் கணக்கு. உண்மையில் ஒரு ஃப்ளைவீலின் நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அது சீரான தட்டு இல்லை. மேடு பள்ளம், ஓட்டைகள், விளிம்பில் பல்சக்கரம் என்று பலவும் இருக்கின்றன. எடை பார்த்தால் போதாது. இதற்கு ஒரு அழகான பழைய முறை இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள மூன்று கம்பிகளில், சம இடைவெளியில், ஃப்ளைவீலைக் கிடைமட்டமாகத் தொங்கவிட வேண்டும். அதைச் சற்றே திருகி விட்டால் முன்னும் பின்னுமாக மெதுவாகத் திரும்பித் திரும்பி ஆடும். ஆட்டத்தின் நேரத்தை ஸ்டாப்வாட்சால் குறித்தால் போதும். எடை, கம்பியின் நீளம், கம்பிகள் அச்சிலிருந்து இருக்கும் தூரம் ஆகியவற்றோடு சேர்த்து விடை கிடைத்துவிடும். நம் எடுத்துக்காட்டு ஃப்ளைவீலைக் கம்பிகள் அச்சிலிருந்து 12 சென்டிமீட்டரில் இருக்குமாறு தொங்கவிட்டால், 20 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 33 விநாடி ஆகும். விளிம்பைக் கடைந்த பிறகு அதே 20 ஆட்டம் 30 விநாடிக்குள் முடிந்துவிடும். நடுவில் மூன்று கிலோவை எடுத்திருந்தால் ஆட்டம் வேகமாவதற்குப் பதில் மெதுவாகியிருக்கும். எடையைத் தராசு சொல்லும். எடை எங்கே இருந்தது என்பதை இந்த ஊசலாட்டம் சொல்லும்.

பவர் கூடுகிறதா என்ற கேள்விக்கும் அளந்தே பதில் சொல்லலாம். ஏன் பலர் ஏமாறுகிறார்கள் என்பதும் அதே அளவீட்டில் தெரிந்துவிடும். காரின் பவரை அளக்கும் டைனோ என்ற கருவியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் காரின் பின்சக்கரங்களைக் கனமான உருளை மீது நிறுத்தி, முழு ஆக்சிலரேட்டரில் அந்த உருளை எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்று பார்ப்பார்கள். உருளையின் நிலைமம் முன்பே தெரியும் என்பதால் அதிலிருந்து பவரைக் கணக்கிடலாம். ஆனால் எஞ்சின் அந்த நேரத்தில் உருளையை மட்டும் முடுக்கவில்லை. தன் ஃப்ளைவீலையும் சேர்த்தே முடுக்குகிறது. ஃப்ளைவீலுக்குப் போன பங்கு உருளைக்கு வராது, கணக்கிலும் வராது. ஃப்ளைவீலை இலேசாக்கினால் உருளைக்கு அதிகம் வந்து சேரும். காகிதத்தில் குதிரைத்திறன் கூடித் தெரியும். இரண்டாவது வகை டைனோ, நீரின் எதிர்ப்பாலோ மின்காந்தத்தாலோ பிரேக் போட்டு எஞ்சினை ஒரே வேகத்தில் பிடித்து வைக்கும். வேகம் மாறாதபோது ஃப்ளைவீலுக்குப் பங்கே இல்லை. அங்கே கடைவதற்கு முன்னும் பின்னும் ஒரே எண்தான் வரும். பெட்ரோல் எரிவதில் எதுவும் மாறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது லேத்துக்கு வருவோம். நல்ல டர்னர் ஃப்ளைவீலைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அளவை அல்ல, அது எதனால் ஆனது என்பதை. வார்ப்பிரும்பா, எஃகா? ஒரு கீறல் கடைந்தாலே தெரிந்துவிடும். எஃகு என்றால் டூலின் முனையிலிருந்து சீவல் நீளமாகச் சுருண்டு வரும், வெப்பத்தில் நீலம் பாய்ந்திருக்கும். வார்ப்பிரும்பு என்றால் சுருள் வராது. பொடிப்பொடியாக உதிரும், கையெல்லாம் கருப்பாகும். அந்தக் கருப்பு இரும்பில்லை, கிராஃபைட். வார்ப்பிரும்புக்குள் கார்பன் மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கிறது. கிளட்ச் தட்டு உரசுவதற்கு அது நல்லது, அதிர்வை விழுங்கவும் நல்லது. ஆனால் இழுவிசைக்கு ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டி விரிசல். அமுக்கினால் தாங்கும் வார்ப்பிரும்பு, இழுத்தால் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.

சுழலும் விளிம்பில் இருப்பது இழுவிசைதான். விளிம்பின் ஒவ்வொரு துண்டும் நேர்கோட்டில் பறந்து போகப் பார்க்கிறது; பக்கத்துத் துண்டுகள் அதை இழுத்துப் பிடித்து வட்டத்தில் வைத்திருக்கின்றன. இந்த இழுப்பு சக்கரத்தின் அளவைப் பொறுத்ததல்ல, விளிம்பின் வேகத்தைப் பொறுத்தது. 28 சென்டிமீட்டர் ஃப்ளைவீல் 6000 சுற்றில் ஓடும்போது விளிம்பு விநாடிக்கு 88 மீட்டர் பாய்கிறது. மணிக்கு 317 கிலோமீட்டர்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்தின் கேஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் பெஞ்சமின், 1890களின் இறுதியில் இதைச் சோதித்தே பார்த்தார். அது நீராவி எஞ்சின்களின் காலம். ஆலைகளில் ஆளுயரத்தைத் தாண்டிய ஃப்ளைவீல்கள் வெடித்து, துண்டுகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன விபத்துகள் நடந்துகொண்டிருந்தன. அவ்வளவு பெரிய சக்கரத்தை வெடிக்க வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இழுப்பு விளிம்பு வேகத்தை மட்டுமே பொறுத்தது என்பதால், சிறிய வார்ப்பிரும்புச் சக்கரங்களைச் செய்து உடையும்வரை சுழற்றினார். சிறியதில் கிடைத்த எண் பெரியதற்கும் பொருந்தும். ஒட்டுப்போடாத முழு விளிம்பு கொண்ட சக்கரங்கள் விநாடிக்கு ஏறக்குறைய 120 மீட்டரில் சிதறின. விளிம்பில் இணைப்பு வைத்த சக்கரங்கள் அதைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே போய்விட்டன. எங்கே தொடர்ச்சி அறுபடுகிறதோ அங்கே உடைகிறது என்பதுதான் அவர் கண்டது.

இது ஃப்ளைவீல் கடைபவருக்கு நேரடியான பாடம். விளிம்பை மெலிதாக்குவது மட்டுமே அதன் இழுவிசையைக் கூட்டிவிடாது. இரும்பு குறைந்தால் பிடித்து வைக்க வேண்டிய பாரமும் குறைகிறது அல்லவா. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. எடை குறைக்க வரிசையாக ஓட்டை போடுவது முதல் ஆபத்து. வட்ட ஓட்டையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகக் குவியும். கடைந்த பள்ளத்தின் மூலையைக் கூராக விடுவது அடுத்தது. விரிசல் அங்கேதான் பிறக்கும். அதனால் டூலின் முனையை உருட்டித் தீட்டி, மூலையைச் சில மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவாக விட வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் விரிசல். கிளட்ச் வழுக்கிச் சூடான ஃப்ளைவீலின் உரசும் முகத்தில் நீலத் திட்டுகளும், மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் மயிரிழைக் கோடுகளும் இருக்கும். முகத்தைத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்று நேரம் கழித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெளியே கசிந்து மெல்லிய சிவப்புக் கோடாக வந்து நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் அந்த ஃப்ளைவீலின் வேலை முடிந்தது.

கடைசலை ஃப்ளைவீலின் பின்பக்கத்தில், அதாவது எஞ்சினைப் பார்த்த பக்கத்தில் செய்வதுதான் வழக்கம். முன்பக்கத்தில் கிளட்ச் உரச வேண்டும், கிளட்ச் கவரின் போல்ட்டுகள் உட்கார வேண்டும். சக்கரத்தை வெளிவிட்டத்தில் பிடித்தால் போதாது. கிராங்க் தண்டில் எந்த நடு ஓட்டையில் அமருமோ, அதே ஓட்டையை ஆதாரமாக வைத்து லேத்தில் பொருத்தி, டயல் கேஜின் முள் அசையாதவரை சரிசெய்த பிறகே முதல் வெட்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் பிடிக்கும் பல்வளையம் விளிம்பில் சூடேற்றி மாட்டப்பட்டது. ஆறிச் சுருங்கிய இறுக்கத்தில்தான் நிற்கிறது. அதற்கு அடியில் உள்ள இரும்பை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் வளையத்துக்குப் பிடிமானம் தளரும்.

பிறகு பேலன்சிங். இதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், தவிர்க்கவே கூடாது. விளிம்பருகே ஒரு பக்கம் வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தாலும், 6000 சுற்றில் அது 50 கிலோ பாரத்தைக் கட்டி ஒவ்வொரு சுற்றிலும் தண்டை இழுப்பது போல ஆகும். எம்ஜிபியின் கிராங்க் தண்டைத் தொடக்கத்தில் மூன்று பேரிங்குகள்தான் தாங்கின. 1964 இறுதியில்தான் ஐந்தாயின. மூன்று பேரிங் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்த 10 கிராம் இன்னும் முக்கியம். கிராங்க் தண்டு, ஃப்ளைவீல், கிளட்ச் கவர் மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்துப் பூட்டியும் சுழற்றிப் பார்த்து, கனம் கூடிய பக்கத்தில் கொஞ்சம் இரும்பை எடுத்துச் சமன் செய்வார்கள்.

இதற்கெல்லாம் விலை என்ன? 700 சுற்றில் அமைதியாக நின்ற எஞ்சின் குலுங்கும். ஐடிலிங்கை 900, 1000 என்று ஏற்றி வைக்க வேண்டிவரும். சிக்னலில் கிளட்ச்சை விடும்போது, முன்பு ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றல் கொடுத்த தள்ளு இப்போது இருக்காது. கொஞ்சம் அதிகம் ஆக்சிலரேட்டர் கொடுத்தே கிளப்ப வேண்டும், இல்லையென்றால் அணைந்துவிடும். நியூட்ரலில் கியர்பாக்ஸின் பற்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் மேலெழும். கிளட்ச் வழுக்கும்போது பிறக்கும் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு குறைவாக இருப்பதால் முகம் சீக்கிரம் சூடாகும். எஞ்சினை வடிவமைத்தவர்கள் அந்தக் கனத்தைத் தெரியாமல் வைக்கவில்லை. அதே குடும்பத்து எஞ்சினை அவர்கள் குடும்பக் காருக்கும் வேனுக்கும் கொடுத்தார்கள். சந்தையில் நின்று நின்று போகும் வண்டிக்கு நிதானமான எஞ்சின் வேண்டும். அம்பாசிடரின் ஃப்ளைவீலைக் கடைவதில் எந்த அர்த்தமும் இல்லை.

வார இறுதியில் மலைப்பாதையில் ஓட்டும் எம்ஜிபிக்கு என் கருத்து இது. எஃகு ஃப்ளைவீலாக இருந்து, விரிசல் இல்லை என்று சாயம் தெளித்து உறுதிசெய்திருந்தால், பின்பக்க விளிம்பிலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு எடை வரை எடுக்கலாம். அதற்கு மேல் எடுப்பது பந்தயக் காருக்கு. சாலையில் அது தொல்லை. எஞ்சின் எப்படியும் கீழே இறங்கியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இதற்காகவே கியர்பாக்ஸைக் கழற்றும் அளவுக்கு இதில் லாபம் இல்லை. டூலிலிருந்து கரும்பொடி உதிர்ந்தால் லேத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை இலேசாக்கி அதிக சுற்றில் ஓட்டாதீர்கள். அந்தக் காசைச் சேர்த்துவைத்து, எஃகில் புதிதாகச் செய்த இலேசான ஃப்ளைவீல் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். அந்தச் சக்கரம் சுற்றுவது உங்கள் கணுக்காலுக்கு மிக அருகில்.